குண்டாற்றுக்கு ஒரு கோடு

பிப்ரவரி 18 காம்பியா நாட்டின் சுதந்திர தினம். 1965-இல் ஆங்கிலேய ஆட்சியினின்று விடுபட்ட அந்நாட்டைப் பற்றியே இவ்வாரம் எழுதுவதென்று தீர்மானித்து, பேத்தியின் பூகோளப் படப் புத்தகத்தைத் திண்ணையில் விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆப்பிரிக்கப் பெருநிலத்து நாடுகளில் எல்லாம் சிறியதாய், ஏறத்தாழ 11,300 சதுர கிலோமீட்டர் விஸ்தீரணமே உடையதாய், மூன்று திசையிலும் செனகல் சூழ்ந்திருக்க மேற்கே மட்டும் அட்லாண்டிக் சமுத்திரத்தைப் பார்த்து நிற்கும் அந்நாடு, ஓர் ஆற்றின் இரு கரைகளே தேசமாகிவிட்டதோர் அற்புதம். கினியாவின் மேட்டுநிலத்தில் பிறந்து வரும் காம்பியா நதிக்கு அங்கே சரிவு மிகக் குறைவாதலால், கோடையில் சமுத்திரத்தின் உப்புநீர் 200 கிலோமீட்டர் வரையிலும் ஆற்றினுள் ஏறிவிடுகிறது. கரையோரம் அலையாத்திக் காடு. மேட்டில், நம் ஊர்ப்புறத்தைப் போலவே, நிலக்கடலை.

இவ்வளவையும் கேட்டிருந்த பேத்தி, தமிழ்நாட்டுப் படத்தைப் புரட்டிக் காட்டி, "தாத்தா, நம்ம குண்டாறு இதுல எங்க இருக்கு?" என்றாள். வைகை இருந்தது, தாமிரவருணி இருந்தது, குண்டாறு இல்லை. அந்த நிமிஷத்தில் காம்பியா என் மனத்தை விட்டு அகன்றுவிட்டது.

இப்பத்தியைத் தொடர்ந்து வாசிப்போர் என் பழைய விசனத்தை அறிவர். கண்மாய்களுக்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால்கள் அடைபட்டுக் கிடப்பதைப் பற்றி ஐப்பசியில் எழுதியபோது, "இதையே எத்தனை முறை எழுதுவீர்கள்?" என்று அன்பர் ஒருவர் கேட்டிருந்தார். கால்கள் திறக்கும்வரை எழுதுவேன்.

மதுரைக்கு மேற்கிலுள்ள மலைச்சரிவுகளில் தோன்றி, திருமங்கலம், திருச்சுழி, கமுதி வழியாகத் தென்கிழக்கே சென்று மன்னார் வளைகுடாவை நாடுகிற குண்டாற்றை, அதன் மணலைப் பார்த்து மட்டும் அளப்பவர் அதனை ஆறென்றே ஒப்பமாட்டார். காம்பியாவில் சமுத்திரம் ஆற்றைத் தேடி வருகிறது. இங்கோ ஆற்றுநீர் சமுத்திரத்தைக் காண்பதே அருமை. ஐப்பசி கார்த்திகையில் இரண்டொரு நாள் பெருகி வரும் வெள்ளத்தை வாய்க்கால் வழியே கண்மாய்க்குத் திருப்பி, அது நிறைந்தால் கலுங்கில் வழிந்து, அம்மறுகாலே அடுத்த ஊர்க் கண்மாய்க்கு வரத்தாகும்படி நம் முன்னோர் ஒரு பிரதேசம் முழுவதையும் கோத்து வைத்தார்கள். ஆகவே குண்டாற்றின் உண்மையான உருவம் ஒற்றைக் கோடன்று. கரைகளும் மடைகளும் கலுங்குகளும் சேர்ந்த ஒரு வலை. பிரளய வெள்ளத்தைச் சிவபெருமான் சூலத்தால் நிலத்தில் துளையிட்டுச் சுழித்து இறங்கச் செய்தார் என்னும் திருச்சுழித் தலபுராணம், நீரை ஓடவிடாமல் இருத்திக்கொள்வதே இம்மண்ணின் தர்மம் என்பதை வேறு எப்படிச் சொல்லும்?

படத்தில் இல்லாத ஆற்றுக்கு வரத்துக்கால் இருப்பது யாருக்குத் தெரியும்? பத்து மாதம் வறண்டு கிடக்கும் காலைப் புறம்போக்குப் பள்ளம் என்று எண்ணி மண் கொட்டுகிறார்கள், மனை பிரிக்கிறார்கள், சாலையை உயர்த்தும்போது குறுக்கே குழாய் வைக்க மறக்கிறார்கள். பிறகு ஒரே மழையில் தெருவில் முழங்கால் நீர் நிற்கிறது, கண்மாயிலோ சேறுகூட இல்லை. ஆண்டில் பெய்வது 800 மில்லிமீட்டர் அளவே. அதிலும் பெரும்பகுதி மூன்று மாதத்தில் முடிந்துவிடும். இத்தகைய நாட்டில் ஒரு காலை அடைப்பது ஓர் ஊரின் உலையை அவிப்பதாகும்.

ஞாயிற்றுக்கிழமை பேத்தியைத் திருச்சுழிக்கு அழைத்துச் சென்றேன். வழியில் பருத்திக் காட்டோரம் நின்றபோது, மழையில் காலை விடாமல் பற்றும் அதே கரிசல், முழங்கை நுழையுமளவு வெடித்திருந்தது. ஆற்றில் இறங்கினோம். மணலைப் பறித்து முழ ஆழத்தில் ஊற்றெடுத்திருந்த ஒரு தாய், கலங்கலை வழித்தெறிந்துவிட்டுத் தெளிவுக்காகப் பொறுத்திருந்து, பின்பு சிரட்டையால் கோதிக் கோதிக் குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள். பேத்தி குனிந்து ஒரு சிரட்டை நீரை வாங்கிக் குடித்தாள். "இனிக்குது தாத்தா" என்றாள்.

வீடு வந்ததும் படப் புத்தகத்தைத் திறந்து, வைகைக்குத் தெற்கே நீலப் பென்சிலால் ஒரு கோடு போட்டாள். அதன் இருமருங்கும் சிறு சிறு வட்டங்கள் வரைந்து, ஒவ்வொன்றையும் அடுத்ததோடு இணைத்தாள். புத்தகத்தில் கிறுக்கலாகாது என்று ஆசிரியை கண்டித்தால், அவருக்கு மறுமொழி நான் எழுதித் தருவேன்.