எலும்பை அரிக்கும் நொதியம்



"வயசு போனால் எலும்பு தேயத்தான் செய்யும்" என்று சொல்லி, முதுகு கூனிய மூத்தம்மாவைப் பாயில் இருத்திவிடுவது நம் வீடுகளில் வழக்கம். ஆனால் எலும்பு செருப்பைப் போல் தேயும் பொருளன்று. ஒருவகைக் கலங்கள் அதை அரிக்கின்றன. வேறொருவகைக் கலங்கள் கட்டுகின்றன. வளர்ந்தவர் உடலில் ஆண்டுதோறும் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு எலும்பு இவ்வாறு புதிதாகிறது.

அரிப்பது எப்படி? அடுப்படியிலேயே பார்க்கலாம். கழுவிய கோழிக்கால் எலும்பொன்றைத் தென்னை வினாகிரியில் சில நாட்கள் ஊற வையுங்கள். பிறகு அது றப்பர் போல் வளையும். சுண்ணச் சத்தை அமிலம் கரைத்துவிட்டது. எஞ்சி நிற்பது கொலாஜன் என்னும் புரத நார். அரிக்கும் கலமும் எலும்போடு ஒட்டிக்கொண்டு இதையே செய்கிறது. காபோனிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதியத்தின் துணையால் அமிலம் உண்டாக்கிச் சுண்ணத்தைக் கரைக்கிறது. எஞ்சிய நாரைக் கதெப்சின் கே என்ற நொதியம் துண்டு துண்டாக வெட்டுகிறது.

அப்படியானால் இந்த நொதியம் நமக்குப் பகையா? இல்லை. பிறவியிலேயே இது இயங்காத பிள்ளைகள் உண்டு. அவர்களின் எலும்பு கெட்டியாக இருந்தும் இலகுவில் முறியும், உயரமும் குறைவு. இதன் காரணம் 1996இல் கண்டறியப்பட்டது. கதெப்சினை அடக்க மேர்க் நிறுவனம் ஒடனகாடிப் என்ற மருந்தைத் தயாரித்தது. பாரிசவாத அபாயம் கூடியதால் 2016இல் அதைக் கைவிட்டது. ஆகவே அரிப்பும் வேண்டும், கட்டுவதும் வேண்டும். இரண்டும் சமமாக இருக்க வேண்டும்.

ஐம்பது வயதை அண்டி மாதவிடாய் நின்றதும் இந்தச் சமநிலை குலைகிறது. அரிக்கும் கலங்களை அடக்கி வைத்த ஈஸ்திரஜன் ஓமோன் குறைந்துவிடுகிறது. சில வாரங்களில் அரித்த குழியை நிரப்பச் சில மாதங்கள் செல்லும். அதனால் மணிக்கட்டு, முதுகெலும்பு, இடுப்பு ஆகியவை சிறு விழுகையிலும் முறியும்.

நாம் செய்யக்கூடியவை உண்டு. கற்பிட்டிக் கடலில் படும் நெத்தலியையும் சாளையையும் முள் மெத்தென்று வேகும்படி ஆக்கி, முள்ளோடு உண்ணுங்கள். குரக்கனும் பாலும் நல்லவை. புத்தளத்தில் வெயிலுக்குக் குறைவில்லை. ஆனாலும் மறைந்திருக்கும் தோலில் விற்றமின் டீ உண்டாகாது. மதிலுக்குள் முற்றத்தில் கையிலும் காலிலும் சற்று வெயில் படட்டும். நாள்தோறும் நடவுங்கள்.

வைத்தியர் வாரம் ஒருமுறை அலென்ட்ரோனேற் குளிசை தந்திருந்தால், வெறும் வயிற்றில் ஒரு கோப்பைத் தண்ணீருடன் விழுங்கி, அரை மணிநேரம் உண்ணாமலும் படுக்காமலும் இருக்க வேண்டும். றமழானில் ஸஹர் உணவுக்குப் பின் விழுங்கினால் பலன் கிட்டாது. உணவுக்கு அரை மணிநேரம் முன்னதாக எழுந்து விழுங்கலாமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். நோன்பைக் காரணம் காட்டித் தாமாகவே நிறுத்திவிட வேண்டாம்.

உங்கள் உம்மாவின் உயரம் குறைந்து வருகிறதா? லேசாக விழுந்தே கை முறிந்ததா? அடுத்த கிளினிக் நாளில் அதை மறவாமல் வைத்தியரிடம் சொல்லுங்கள்.