படத்தில் தெரியும் பழைய சத்திரசிகிச்சை

தலையில் அடிபட்டு நினைவிழந்து கிடப்பவரிடம், "ஐயா, உங்கள் கண்ணில் முன்னர் ஏதேனும் சத்திரசிகிச்சை நடந்ததா?" என்று கேட்டால் விடை கிடைக்குமா? அவருக்காகப் பேசுவது சி.டி. ஸ்கான் படமே. விம்பிள்டனில் அன்று இருந்த அட்கின்சன் மோர்லி வைத்தியசாலையில் 1971ஆம் ஆண்டு முதலாவது நோயாளியின் தலையைப் படமெடுத்த இக்கருவி, மூளையோடு விழிகளையும் சேர்த்தே காட்டிவிடுகிறது.

அப்படத்தில் புதிய இரத்தம் வெண்மையாகவும் காற்றுக் கருமையாகவும் தெரியும். சிக்கல் இங்கேதான் பிறக்கிறது. கழன்ற விழித்திரையை உரிய இடத்தில் பொருத்தி வைப்பதற்காகக் கண்ணினுள் சிலிக்கோன் எண்ணெய் நிரப்புவதுண்டு. அவ்வெண்ணெயும் வெண்மையே, இரத்தமோ என்று ஐயுறச் செய்யும். நீரைச் சுழியமாகக் கொண்ட ஹவுன்ஸ்பீல்ட் அளவில் இரத்தம் பெரும்பாலும் 60க்கும் 90க்கும் இடையில் நிற்க, எண்ணெய் 100ஐத் தாண்டுவது வழக்கம். மிக அரிதாக, அது பார்வை நரம்பின் வழியே மூளையின் அறைகளுக்குள்ளும் சென்றுவிடுகிறது. மல்லாந்து கிடப்பவரின் தலையில் இரத்தம் பின்புறம் படியும். எண்ணெயோ மிதந்து முன்புறம் சேரும். குழம்பில் எண்ணெய் மிதப்பதைத் தினமும் காணும் எங்கள் தாய்மாருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

1949ஆம் ஆண்டு லண்டனில் ஹரோல்ட் றிட்லி தொடக்கிவைத்த செயற்கை வில்லை, படத்தில் மெல்லிய கோடாகத் தெரியும். இயற்கை வில்லையோ பருப்பைப் போல் நடுவே பருத்தது. அதனைக் காணோமே என்று, அடிபட்டு இடம்பெயர்ந்ததாக முடிவுகட்டிவிடலாகாது.

எல்லாவற்றிலும் எம்மை அஞ்சவைப்பது வாயுக் குமிழியே. எண்ணெய்க்குப் பதிலாகச் சிலருக்குக் கண்ணில் வாயுவை நிரப்புவர். சில கிழமைகளில் அது தானாகவே கரைந்துபோகும். அதற்கிடையில் விபத்து நேர்ந்தால், விழி கிழிந்து வெளிக்காற்றுப் புகுந்ததாகக் கருதி வேண்டாத சிகிச்சைக்கு ஆயத்தமாகிவிடக்கூடும். அதனினும் கொடியது, மயக்கம் கொடுக்கையில் நைத்திரசு ஒட்சைட்டு வாயுவைச் சேர்ப்பது. அது குமிழியினுள் ஊடுருவி அதனைப் பருக்கச் செய்யும். கண்ணின் அழுத்தம் ஏறி, இரத்த ஓட்டம் தடைப்பட்டு, பார்வையே பறிபோகலாம். மூளையைக் காக்கும் அவசரத்தில் கண் போய்விடுகிறது!

ஆகவேதான் பிரித்தானியாவில் வாயு நிரப்பப்பட்டவரின் மணிக்கட்டில் எச்சரிக்கைப் பட்டியொன்றைக் கட்டி அனுப்புகின்றனர். குமிழி கரையும்வரை அதனைக் கழற்றக்கூடாது. விமானம் ஏறவும் கூடாது. பட்டி இல்லாதவிடத்து, வைத்தியசாலைக்கு ஓடிவரும் மனைவியோ மகனோ சொல்ல வேண்டியது சிறிதே: எந்தக் கண், எந்த மாதம், உள்ளே வைத்தது எண்ணெயா, வாயுவா, வில்லையா என்பது.