மாத்திரையை விடச் சொல்லும் தோழர்களுக்கு

மூணு ராத்திரி தூங்காமல் போஸ்டர் ஒட்டி, நாலாம் நாள் மேடையில் நெருப்பாய்ப் பேசுகிறவனை நமக்கு ரொம்பப் பிடிக்கும். அதே ஆள் இரண்டு மாதம் வீட்டுக்குள்ளேயே சுருண்டு கிடந்தால் 'விலகிட்டான், விலை போயிட்டான்' என்போம். இரண்டும் ஒரே நோயாக இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. பைபோலார் என்று டாக்டர்கள் சொல்லும் இருதுருவ மனநோய். எனக்கு இருக்கிறது. ஒன்பது வருஷமாக லித்தியம் சாப்பிடுகிறேன். பேங்கில் கவுண்டரில் உட்காருகிறேன், கவிதையும் எழுதுகிறேன்.

'மருந்து சாப்பிட்டா கவிதை செத்துரும்' என்ற நண்பர்கள் உண்டு. (சாகவில்லை. கிறுக்கல்தான் குறைந்திருக்கிறது.) 'சமூகத்துக்குத்தான் நோய், உனக்கில்ல' என்றவர்களும் உண்டு. சாதி மனசைப் புண்ணாக்கும் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. அதுக்காக, டிபி வந்தவனைப் புரட்சிக்குப் பிறகு மருந்து சாப்பிடச் சொல்கிறோமா? 1949இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் இந்த நோய்க்குப் பயன்படுத்தி எழுதிய உப்பு இது. மலிவானது. நோய் திரும்பத் திரும்ப வருவதைக் குறைக்கிறது. 'நல்லாயிட்டேன்' என்று திடீரென நிறுத்தினால் பலருக்கு வேகமாய்த் திரும்பி வருகிறது.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பெரும்பாலும் லிட்டர் ரத்தத்தில் 0.6 முதல் 1.0 மில்லிமோலுக்குள் லித்தியம் நிற்க வேண்டும். ரொம்பக் கூடினால் விஷம். வாந்தி, நடுக்கம், தள்ளாட்டம். வியர்த்து உடம்பில் நீர் வற்றினால் கூடும். மெடிக்கலில் வாங்குகிற டைக்ளோஃபெனாக், புரூஃபென் போட்டாலும் கூடும். ஃபேனுக்கடியில் இருக்கிற எனக்கு இது சின்ன விஷயம். வெயிலில் சித்தாள் வேலை பார்த்துவிட்டு வலி மாத்திரையோடு படுக்கிற பொம்பளைக்கு? லித்தியம் அளவு, சிறுநீரகம், தைராய்டு என்று மூணு மாசம், ஆறு மாசத்துக்கு ஒருமுறை டெஸ்ட் எடுக்கணும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் கூலி போகும். கடைசியில் 'ஒழுங்கா மருந்து சாப்பிடல' என்று ஏச்சு வாங்குவதும் அவள்தான்.

பக்கத்தில் வைத்தியம் இல்லாத சனம் எங்கே போகும்? 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. சங்கிலியில் கட்டிப்போட்ட மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகினார்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, நோயாளியை வெகுதூரம் அலைய விடக்கூடாது என்கிறது. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவருக்கு அரசு மருத்துவமனைகளில் இலவசம் என்கிறது. இதை வைத்துக்கொண்டு எத்தனை மனு கொடுத்திருக்கிறோம்? பட்டா, சுடுகாட்டுப் பாதை, கல்வி உதவித்தொகை எல்லாம் கேட்கிறோம். தாலுகா ஆஸ்பத்திரியில் லித்தியம் டெஸ்ட் வேணும் என்பதையும் அடுத்த மனுவில் சேருங்கள்.

கூட்டத்தையும் ஒன்பது மணிக்கு முடிக்கப் பாருங்கள், தோழர்களே. தூக்கம் கெட்டால் எனக்கு நோய் ஏறும். முடிக்க முடியாதென்றால், நான் எழுந்து போகும்போது முதுகுக்குப் பின்னால் சிரிக்காதீர்கள்.