நாயக்கருக்குப் பிள்ளை பிறந்தது

செஞ்சிக் கோட்டை பற்றிப் பேச ஆரம்பித்தால் போதும், உடனே சொல்வார்கள்: உள்ளே வெங்கட்ரமணர் கோயில், சாதத்துல்லா கான் பள்ளிவாசல்... அந்தக் காலத்திலேயே எவ்வளவு மத சுதந்திரம்! சுத்தப் பேத்தல். தேசிங்கு போரில் செத்தது 1714இல். பள்ளிவாசல் எழும்பியது 1717-18இல். ஜெயித்தவர் கட்டினார், அவ்வளவுதான்.

இந்தப் பக்கத்துச் சமணர்களிடம் ஒரு செவிவழிக் கதை உண்டு. செஞ்சி நாயக்கர் ஒருவர் சமணர்களை வேட்டையாடினாராம். பலர் பூணூலைக் கழற்றிவிட்டு, நீறு பூசித் தப்பினார்கள். நீர்நிலையில் ரகசியமாக ஜபம் செய்த ஒருவர் மட்டும் மாட்டிக்கொண்டார். அன்றைக்கு நாயக்கருக்கு ஆண் குழந்தை பிறந்திருந்தது. அந்தச் சந்தோஷத்தில் விட்டுவிட்டார். பிள்ளை மறுநாள் பிறந்திருந்தால்?

தயவு வேறு, உரிமை வேறு. 1776இல் வர்ஜீனியாவின் உரிமைப் பிரகடன வரைவில் 'சகிப்பு' என்றுதான் இருந்தது. 25 வயது மேடிசன்தான் அது போதாது என்று, எல்லோருக்கும் சம உரிமை என மாற்ற வைத்தார். நம் அரசியல் சட்டத்தின் 25ஆவது பிரிவும் அப்படித்தான் பேசுகிறது. பேசி என்ன? 2002இல் தமிழக அரசு கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் போட்டது. மதமாற்றச் சடங்கு செய்பவர் கலெக்டருக்குத் தகவல் தர வேண்டுமாம். 2004 மக்களவைத் தேர்தலில் ஆளுங்கட்சிக்கு ஒரு சீட்டும் இல்லை, சட்டம் வாபஸ். கோர்ட் தடுக்கவில்லை, மனசாட்சியும் உறுத்தவில்லை. மறுபடியும் நாயக்கருக்குப் பிள்ளை பிறந்தது.