‘நடந்துதானே வந்தார்... ஆஸ்பத்திரி எதுக்கு?’

‘‘போன மாதம் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் முருங்கைக்காய் போட்டுவிட்டு, என் அண்ணன் காரில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார். பின்னால் வந்த சரக்கு லாரி இடித்ததில், கார் சாலையோரப் புளியமரத்தில் மோதி நின்றது. நெற்றியில் சிராய்ப்பு மட்டும்தான். 108 வந்தும், ‘ஒண்ணுமில்லப்பா’ என்று திருப்பி அனுப்பிவிட்டார். லாரிக்காரர் 5,000 ரூபாய் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். மூன்றாம் நாள் ராத்திரி வாந்தி எடுத்து நினைவு தப்பியது. மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் தலையில் ஆபரேஷன் செய்து காப்பாற்றினார்கள். இதயத்தில் ஸ்டென்ட் வைத்து, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் அவர். போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று பயந்து, ‘வீட்டில் வழுக்கி விழுந்துவிட்டார்’ என்று நான்தான் டாக்டரிடம் சொன்னேன். மூன்றரை லட்சம் ரூபாய் செலவு. அரசுத் திட்டத்தில் பணம் கிடைக்குமா? லாரி இன்ஷூரன்ஸில் கேட்கலாமா?’’

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திண்டுக்கல் மாவட்டம்.

அண்ணன் பிழைத்துக்கொண்டார் என்பதால் கொஞ்சம் வெளிப்படையாகவே எழுதுகிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

சிவப்புக் கூன்வண்டு புகுந்த தென்னையைப் பார்த்திருப்பீர்கள். வெளியே பச்சைப் பசேல் என்று நிற்கும். குருத்து சாயும்போதுதான் உள்ளே கூடாகிப்போனது தெரியும். தலையில் அடிபட்டவர் விஷயமும் அப்படித்தான். கார் சட்டென்று நிற்கும்போது, மண்டை ஓட்டுக்குள் மூளை ஒரு குலுங்கு குலுங்குகிறது. அதில் மேலே ஓடும் சிறிய ரத்தக்குழாய் ஒன்று அறுந்தால்கூட உடனே எதுவும் தெரியாது. ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து, மூளையை அழுத்த ஆரம்பிக்கும்போதுதான் தலைவலியும் வாந்தியும் வரும். சிலருக்கு இது சில மணி நேரத்தில் நடக்கும்; சிலருக்குச் சில நாள்கள், வயதானவர்களுக்குச் சில வாரங்கள்கூட ஆகும். உங்கள் அண்ணனைப் போல ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்களுக்குக் கசிவு எளிதில் நிற்காது. அவர்கள் தலையில் லேசாக அடிபட்டாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய், அந்த மாத்திரையின் பெயரைச் சொல்லி, சி.டி. ஸ்கேன் தேவையா என்று கேட்டுவிட வேண்டும்.

வயிறும் இப்படி ஏமாற்றும். ஸ்டீயரிங்கோ, சீட் பெல்ட்டோ அழுத்தியதில் இடது விலாவுக்குக் கீழே இருக்கும் மண்ணீரல் கீறிக்கொண்டு, நாள் கழித்து ரத்தம் கொட்டியவர்கள் உண்டு. வயிறு உப்புவது, குறுக்கே பெல்ட் தடம் கன்றிப்போவது, இடது தோளில் காரணமில்லாமல் வலிப்பது, சிறுநீரில் ரத்தம் தெரிவது... இதில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. தலையில் அடிபட்டவருக்கு மீண்டும் மீண்டும் வாந்தி, ஏறிக்கொண்டே போகும் தலைவலி, பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் தளர்வு, வலிப்பு, காதிலோ மூக்கிலோ ரத்தம் அல்லது தண்ணீர் போல வடிதல் இருந்தாலும் அப்படியே.

எங்கள் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். கல்யாண வீட்டுக்குப் போய்த் திரும்பியவர் வண்டியோடு வாய்க்காலில் விழுந்தார். தூக்கிவந்து திண்ணையில் படுக்க வைத்தார்கள். வாயில் சாராய வாடை. ‘போதை, தூங்கி எழுந்தா சரியாயிடும்’ என்று விட்டுவிட்டார்கள். அவர் எழுந்திருக்கவே இல்லை. போதையில் தூங்குகிறவருக்கும், தலைக்குள் ரத்தம் கட்டி மயங்குகிறவருக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க நம்மால் முடியாது. குடித்திருந்தால் இன்னும் சீக்கிரமாகக் கூட்டிப்போக வேண்டும் என்பதுதான் சரி.

இன்னொன்று, விழுந்தவருக்கு முதலில் சோடா, தண்ணீர், காபி கொடுப்போம். நினைவு சரியாக இல்லாதவருக்கு அது மூச்சுக்குழாயில் போய்விடும். ஆபரேஷன் தேவைப்பட்டால், வெறும் வயிறாக இருப்பதும் நல்லது. கழுத்து வலிக்கிறது என்றால் சுளுக்கு எடுப்பவரிடம் கூட்டிப்போவது அதைவிட ஆபத்து. கழுத்தெலும்பு விரிசல் விட்டிருந்தால், ஒரு திருப்பில் கை கால் விழுந்துவிடும். 108 வரும் வரை கழுத்தை அசைக்காமல் வைத்து, ரத்தம் வரும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தாலே போதும். மெடிக்கல் ஷாப்பில் வாங்கிப் போடும் வலி மாத்திரைகளில் சில, ரத்தக் கசிவை அதிகமாக்கும். அதையும் தவிருங்கள்.

இனி நீங்கள் கேட்ட பணத்துக்கு வருவோம்.

தமிழக அரசின் ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பரில் வந்தது. தமிழக எல்லைக்குள் சாலை விபத்தில் சிக்கிய யாராக இருந்தாலும், காப்பீட்டு அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும், வெளிமாநிலத்தவர் என்றாலும், முதல் 48 மணி நேர அவசர சிகிச்சை இலவசம். தொடங்கும்போது ஒருவருக்கு 1 லட்சம் ரூபாய் வரை என்று வரம்பு வைத்தார்கள். திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் மருத்துவமனைகளிலும் கிடைக்கும். பணம் மருத்துவமனைக்குத்தான் போகும். நாம் கட்டிய பில்லைக் கொடுத்துத் திரும்ப வாங்கும் திட்டம் இல்லை. உங்கள் அண்ணன் மருத்துவமனைக்குப் போனது மூன்றாம் நாள் ராத்திரி. அந்த 48 மணி நேரம் வீட்டுக் கட்டிலிலேயே கழிந்துவிட்டது. மத்திய அரசும் 2025 மே மாதம் ஒரு திட்டத்தை அறிவித்தது. அது விபத்து நாளில் இருந்து 7 நாள்கள், ஒன்றரை லட்சம் ரூபாய் வரை. சாலை விபத்து என்று சொல்லியிருந்தால், அதையாவது கேட்டுப் பார்த்திருக்கலாம். ‘வழுக்கி விழுந்தார்’ என்ற ஒரு வார்த்தை அந்தக் கதவையும் சாத்திவிட்டது.

போலீஸ் பயம் உங்களுக்கு மட்டும் இல்லை, ஊருக்கே இருக்கிறது. ஆனால், முதலில் சிகிச்சை, போலீஸ் நடைமுறை எல்லாம் பிறகு என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது. அடிபட்டவரைத் தூக்கிவந்து சேர்ப்பவரைச் சாட்சி சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2016-ல் தீர்ப்பு வந்து, 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ என்ற பிரிவைச் சேர்த்துவிட்டார்கள். மருத்துவமனையில் போடும் ‘ஏ.ஆர். காப்பி’ எனப்படும் விபத்துப் பதிவேட்டு நகல் நம்மைச் சிக்கவைக்கும் காகிதம் இல்லை. எந்த இடம், எத்தனை மணி, எந்த வண்டி, எங்கெங்கே காயம் என்று எழுதும் அந்தத் தாள்தான் பின்னால் இழப்பீட்டு வழக்குக்கு முதல் ஆதாரம்.

உங்களிடம் அந்தத் தாள் இல்லை. அதனால் லாரி இன்ஷூரன்ஸ் விஷயம் கஷ்டம்தான். ஆனால் கைவிட வேண்டியதில்லை. மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போட, சட்டப்படி விபத்து நாளில் இருந்து 6 மாதம் அவகாசம். விபத்து நடந்த எல்லைக்குரிய காவல் நிலையத்தில் இந்த வாரமே புகார் கொடுங்கள். தாமதத்துக்கான காரணத்தையும் அதிலேயே எழுதுங்கள். புகார் தாமதம் என்பதற்காக மட்டும் இழப்பீட்டைத் தள்ளிவிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2011-ல் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. 108 வந்து திரும்பியதற்கு அவர்களிடம் பதிவு இருக்கும். நீங்கள் திருப்பி அனுப்பிய அந்த வண்டிதான் இப்போது உங்களுக்கு முக்கியமான சாட்சி. கார் நின்ற இடத்தின் புகைப்படம், லாரி எண், பழுது பார்த்த பில், ஸ்கேன் படங்கள் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். 5,000 ரூபாய் வாங்கும்போது ஏதாவது தாளில் கையெழுத்துப் போட்டாரா என்று அண்ணனிடம் கேளுங்கள்.

வக்கீல் செலவுக்கு யோசித்தால், திண்டுக்கல் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். யாரிடம் போனாலும், மதுரையில் நீங்கள் சொன்ன பொய்யை முதல் நாளே அவரிடம் சொல்லிவிடுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘வீட்டில் விழுந்தவர்’ என்று இருப்பதை எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுத்துக் காட்டுவார்.

அப்படியே முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், ரேஷன் கார்டு, வருமானச் சான்றோடு கலெக்டர் அலுவலகத்தில் இருக்கும் பதிவு மையத்தில் விண்ணப்பிக்கலாம். அண்ணனுக்கு இனி வரும் சிகிச்சைக்கு உதவும்.