பென் டிரைவ்ல வைரஸ் வருது, அப்டேட் வராதா?

"நெட்டே இல்லாத கம்பியூட்டர், அதுக்கு என்னத்துக்கு அப்டேட்?" நம்மட ஊர்கள்ல இது சர்வசாதாரணமான கேள்வி. கல்முனையில இருந்து அக்கரைப்பற்று வரைக்கும் ரியூஷன் வகுப்பு, மத்ரஸா அலுவலகம், கடைக் கணக்கு என்று எத்தனையோ கம்பியூட்டர்கள், வாங்கின அன்றைக்குப் போட்ட சொஃப்ட்வெயாரோடயே ஓடுது. இதைச் சோம்பல் என்று சொல்ல மாட்டேன். ஃபோன்ல ஹொட்ஸ்பொட் போட்டு விண்டோஸ் அப்டேட் எடுத்தா, ரீலோட் பண்ணின காசு அதோடயே முடிஞ்சிரும்.

ஆனா நெட் இல்லாட்டி ஆபத்தும் இல்ல என்று நினைக்கிறது பிழை. 2010இல் கண்டுபிடிக்கப்பட்ட ஸ்டக்ஸ்நெட், நெட் இல்லாத கம்பியூட்டர்களுக்குள்ளயும் பென் டிரைவால போகிற மாதிரியே செய்யப்பட்ட வைரஸ். ஈரானின் நதான்ஸ் அணு நிலையம்தான் அதன் குறி. அது பயன்படுத்தின விண்டோஸ் ஓட்டையை அடைக்க, அதே வருஷம் ஓகஸ்ட்டில மைக்ரோசொஃப்ட் ஒரு அப்டேட் விட்டது. நெட் இல்லாத கம்பியூட்டருக்கு அந்த அப்டேட்டை யாராவது கையில கொண்டு போய்க் குடுத்தாத்தான் உண்டு. நம்மட கொமியூனிகேஷன் கடைகள்ல ஒரு நாளைக்கு எத்தனை பேர்ட பென் டிரைவ் ஒரே கம்பியூட்டர்ல ஏறி இறங்குது என்று யோசிச்சுப் பாருங்க.

வைரஸ் வாற அதே வழியால அப்டேட்டையும் கொண்டு வரலாம். விண்டோஸுக்கு 'மைக்ரோசொஃப்ட் அப்டேட் கெட்டலொக்' தளத்தில ஒவ்வொரு அப்டேட்டும் தனி ஃபைலா இருக்கு. டிஃபென்டர் வைரஸ் பட்டியலும் அப்படித்தான், தனியா இறக்கலாம். ஒரு தரம் இறக்கினா, அதே விண்டோஸ் பதிப்பு உள்ள பத்து கம்பியூட்டருக்கும் போதும்.

லினக்ஸ்ல ஒரு சிக்கல் இருக்கு. ஒரு பெக்கேஜைப் போட்டா அது இன்னும் நாலு பெக்கேஜ் கேட்கும். அந்த நாலும் வேற ரெண்டு கேட்கும். இதுல களைச்சுப்போய் விட்டவங்க நிறைய. டெபியன், உபுண்டு பாவிக்கிறவங்களுக்கு 'அப்ட்-ஒப்லைன்' என்று ஒரு கருவி இருக்கு. நெட் இல்லாத கம்பியூட்டர் தனக்கு என்னென்ன தேவை என்று ஒரு சிறிய ஃபைல்ல எழுதித் தரும். அதை நெட் உள்ள இடத்துக்குக் கொண்டு போனா, கேட்டதெல்லாம் ஒரே கட்டா இறங்கும். திரும்பக் கொண்டு வந்து போட வேண்டியதுதான். கடைச் சாமானுக்குத் துண்டு எழுதிக் குடுத்து விடுற மாதிரி. பெக்கேஜ் பட்டியலுக்கு டெபியன்ட டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறதால, இடையில யாரும் மாத்தினா பிடிபடும்.

இன்னொரு விஷயமும் பேசணும். சாப்பாட்டுல ஹலால் பார்க்கிற நாம, கிரெக் பண்ணின விண்டோஸ் பற்றி வாய் திறக்கிறதில்ல. களவும் ஆபத்தும் ஒண்டா வாற பொருள் அது. கிரெக் ஃபைலுக்குள்ள என்ன இருக்கு என்று போட்டுத் தந்தவருக்கே தெரியாது. அதே நேரம், கொப்பி பண்ணிக் குடுக்க முழு அனுமதி உள்ள சொஃப்ட்வெயார்கள் எத்தனையோ இருக்கு. 2004 சுனாமி நம்மட கரையை அழிச்ச பிறகு இலங்கையில எழுதப்பட்ட 'சஹானா' அப்படி ஒண்டு. 2005 பாகிஸ்தான் பூகம்பத்துலயும் அது பாவிக்கப்பட்டது. திறந்த உரிமம் இருந்ததால யாரும் அதை எடுத்துப் பாவிக்கலாம்.

விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஓட முடிஞ்சது. புதுக் கம்பியூட்டர் வாங்க எல்லாராலயும் ஏலாது. பழசுல லினக்ஸ் போட்டா இன்னும் சில வருஷம் ஓடும், ஆனா அதுக்கும் மாசா மாசம் அப்டேட் வேணும்.

அதனால என்ட யோசனை இதுதான். ஊருக்கு ஒரு நூலகமோ இளைஞர் கழகமோ ஒரு ஹார்ட் டிஸ்க்கை ஒதுக்கட்டும். ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துல கணினி படிக்கிற நம்மட பிள்ளைகள் மாசத்துல ஒரு நாள், தயாரிப்பாளர்ட தளத்துல இருந்து மட்டும் இறக்கி அதை நிரப்பட்டும். தேவையானவங்க சுத்தமான பென் டிரைவோட வந்து எடுத்துட்டுப் போகட்டும். ஆளுக்கொரு டேட்டா பெக்கேஜ் கரைக்கிறதை விட, ஊருக்கே ஒரு டவுன்லோட் போதும்.