காணும் பொங்கல் யாருக்கு?

காணும் பொங்கல் அன்று தூத்துக்குடியில் பல வீடுகள் பூட்டிக் கிடக்கும். வீட்டில் இருந்தவர்கள் எல்லாம் எங்கே? முயல் தீவில்!

துறைமுகத்தை ஒட்டி இருக்கிறது முயல் தீவு. பெயர்தான் தீவு. படகு வேண்டாம், தரை வழியாகவே போகலாம். கையில் தூக்குச் சட்டி, இடுப்பில் குழந்தை, பின்னால் பாட்டி. இப்படிக் குடும்பம் குடும்பமாகப் போவார்கள். புளிச் சோறு, தயிர்ச் சோறு, துவையல், அவித்த பனங்கிழங்கு! அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்குக் கடற்கரைச் சாலையில் ரோச் பூங்கா இருக்கிறது.

நல்ல பழக்கம்தான். ஆனால் அன்றைக்கு உண்மையில் பொழுது போக்குவது யார்?

அம்மாவின் பாடு

அதிகாலை 4 மணிக்கு அடுப்பு மூட்டியவள் அம்மா. கட்டுச் சோறு கட்டியவளும் அவளே. கடற்கரையில் பரிமாறுகிறாள். பிள்ளைகள் அலையில் இறங்கினால் பதறி ஓடுகிறாள். வீடு திரும்பியதும் பாத்திரம் துலக்குகிறாள். அப்பாவோ பாயில் படுத்துக் குறட்டை விடுகிறார்! அடுப்படியை மணலுக்கு மாற்றினால் அது உல்லாசப் பயணம் ஆகுமா? அன்று ஒரு நாளாவது ஆண்கள் சோறு வடிக்கட்டும். பாத்திரம் கழுவட்டும். பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் அவர்களே நிற்கட்டும். கை தேய்ந்துவிடாது.

தாத்தா எங்கே?

காவலுக்கு என்று தாத்தாவை வீட்டில் விட்டுவிட்டுப் போகிறவர்களும் உண்டு. அது பெரிய தவறு.

பாண்டியரின் துறைமுகமாக இருந்த கொற்கை இந்தப் பக்கத்து ஊர். தாமிரபரணி கொண்டுவந்த மண் துறைமுகத்தைத் தூர்த்தது. கடல் பல கிலோ மீட்டர் விலகிப் போயிற்று. 1968-69ல் தொல்பொருள் துறையினர் அங்கே தோண்டிப் பார்த்தார்கள். பழைய பானை ஓடுகளும் சங்குத் துண்டுகளும் கிடைத்தன. அதையெல்லாம் புத்தகத்தில் படித்துக்கொள்ளலாம். முத்துக் குளிப்பு அப்படி அல்ல. தூத்துக்குடிக் கடலில் 1955 முதல் 1961 வரை அது நடந்தது. அன்று கரையில் நின்று பார்த்த சிறுவர்கள்தான் இன்றைய தாத்தாக்கள்!

கல்லில் காலை ஊன்றி, மூச்சை அடக்கி, ஆள் கடலின் அடியில் இறங்குவான். மேலே தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். அவர் யார் தெரியுமா? மச்சான்! தங்கையின் தாலிக்குப் பயந்து அவர் கயிற்றை விட மாட்டாராம். அந்தக் கதையைத் தாத்தா சொல்ல வேண்டும். அதே கடலின் ஓரத்தில் உட்கார்ந்து பேரப் பிள்ளைகள் கேட்க வேண்டும்.

வீட்டுக்கு ஒரு பூட்டு போதும்.